முப்பது வினாடி பறக்க மூன்று மணி நேரக் காத்திருப்பு: வாஸர்குப்பே கிளைடர் பள்ளி, ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு சிறு கணக்கிலிருந்து தொடங்குகிறேன்.

1920களின் பிற்பகுதி. எஞ்சின் இல்லாத விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள ஜெர்மனியின் வாஸர்குப்பே மலைக்கு ஓர் இளைஞன் வந்து சேர்கிறான். முதல் தேர்வான 'ஏ' சின்னத்துக்கு அவன் 30 வினாடி பறந்து, விமானத்தை உடைக்காமல் இறக்கிக் காட்ட வேண்டும். அவன் கையில் கொடுக்கப்படும் கிளைடர் மணிக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும். ஒரு மீட்டர் கீழே இறங்குவதற்குள் சுமார் 10 மீட்டர் முன்னே செல்லும். ஆக, 30 வினாடியில் 400 மீட்டர் தூரம், 40 மீட்டர் இறக்கம். அவ்வளவுதான் பறத்தல். அதன் பிறகு, மரமும் துணியும் கம்பியும் சேர்ந்த அந்த 100 கிலோ பொருளை அதே சரிவில் 400 மீட்டர் மேலே ஏற்றிக்கொண்டு வர வேண்டும். அடுத்தவன் காத்திருப்பான்.

ஒரு சுற்றுக்குப் பதினைந்து நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். குழுவில் பன்னிரண்டு பேர் இருந்தால் ஒருவனுக்கு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறைதான் வாய்ப்பு வரும். காற்று ஒத்துழைத்து ஒன்பது மணி நேரம் வேலை நடந்தால் மூன்று முறை. ஒரு முழு நாளின் பலன் ஒன்றரை நிமிடப் பறத்தல்.

இப்படிக் கற்று ஒருவன் விமானி ஆக முடியுமா? ஆனார்கள். அதுவும் ஆசிரியர் கூட உட்காராத, ஒற்றை இருக்கை விமானத்தில், முதல் நாளிலிருந்தே தனியாக. இது எப்படிச் சாத்தியமாயிற்று என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. மலையில் தங்கிப் படித்ததால் அது சாத்தியமாயிற்று என்று கருதுகிறேன். தங்குமிடமும் உணவும் பாடத்துக்கு வெளியே இருந்த வசதிகள் என்றே பொதுவாக எண்ணப்படுகின்றன. வாஸர்குப்பேயில் அவை பாடத்துக்கு உள்ளேயே இருந்தன.

மலையும் தடையும்

வாஸர்குப்பே 950 மீட்டர் உயரம் உள்ள மலை. இன்றைய ஹெஸ்ஸே மாநிலத்தில், ரோன் மலைத்தொடரின் உச்சி. ஃபுல்டா ஆறு அதன் சரிவில்தான் பிறக்கிறது. கிளைடருக்கு அந்த மலை வாய்த்ததற்குக் காரணம் உயரம் மட்டும் இல்லை. கவிழ்த்த கிண்ணம் போல வழவழப்பாக, காடு மூடாத புல்வெளியாக இருக்கிறது. காற்று எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அதற்கு எதிர்முகமாக ஒரு சரிவு கிடைக்கும். காற்று சரிவில் மோதி மேலே ஏறும். அந்த ஏற்றத்தில் கிளைடர் நிற்கும். பருந்து இறக்கை அசைக்காமல் குன்றோரத்தில் மிதப்பதும் இதே காற்றால்தான்.

டார்ம்ஸ்டாட் நகரப் பள்ளி மாணவர்கள் 1911இலேயே இங்கே சொந்தக் கிளைடர்களோடு வந்தார்கள். அவர்களில் ஹான்ஸ் குட்டர்முத் 1912இல் 838 மீட்டர் பறந்தார். பிறகு உலகப் போர் வந்தது. போரில் தோற்ற ஜெர்மனிக்கு வெர்சாய் ஒப்பந்தம் விமானப்படையை மறுத்தது. எஞ்சின் விமானம் கட்டவும் கடுமையான கட்டுப்பாடுகள் வந்தன. எஞ்சின் இல்லாத விமானம் அந்தத் தடைக்குள் வரவில்லை. 'ஃப்ளூக்ஷ்போர்ட்' இதழின் ஆசிரியர் ஆஸ்கர் உர்சினுஸ் விடுத்த அழைப்பை ஏற்று 1920 கோடையில் முதல் ரோன் போட்டிக்கு ஆட்கள் திரண்டார்கள். கூடாரங்களில் தங்கினார்கள். அந்த ஆண்டே ஓய்கன் ஃபான் லோஸல் என்ற விமானி அங்கே விழுந்து இறந்தார். மலை முதல் கோடையிலேயே தன் விலையைச் சொல்லிவிட்டது.

அப்புறம் நடந்தது மளமளவென்று நடந்தது. கிளைடரில் அதிக நேரம் பறந்தவர் என்ற பெருமை 1911 முதல் ஆர்வில் ரைட்டிடம் இருந்தது: 9 நிமிடம் 45 வினாடி. 1921இல் ஜெர்மானியர்கள் அதைக் கடந்தார்கள். 1922 ஆகஸ்டில் ஹனோவர் மாணவர்களின் 'வம்பீர்' விமானத்தில் ஆர்தர் மார்ட்டன்ஸ் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றார். சில நாள்களில் அதே விமானத்தில் ஹென்ட்ஸன் மூன்று மணி நேரத்தைத் தாண்டினார். செய்தி பரவியது, கற்றுக்கொள்ள ஆட்கள் வந்தார்கள். 1924இல் மார்ட்டன்ஸ் மலையிலேயே ஒரு பறத்தல் பள்ளியைத் திறந்தார். உலகின் மிகப் பழைய கிளைடர் பள்ளி என்று இன்றும் பெயர் பெற்றிருப்பது அந்த மரபுதான். விரைவில் ரோன்-ரோஸிட்டன் என்ற கிளைடர் சங்கம் பயிற்சியை ஏற்றது. பள்ளியை நடத்தியவர் ஃப்ரிட்ஸ் ஷ்டாமர். விமானங்களை வடிவமைத்தவர் அலெக்சாண்டர் லிப்பிஷ். (1928இல் மனிதர் ஏறிய முதல் ராக்கெட் விமானம் பறந்தபோது அதை ஓட்டியவரும் இதே ஷ்டாமர்தான். பயிற்சிப் பள்ளியின் தலைமை ஆசிரியர் அப்படிப்பட்ட மனிதர்.)

கயிற்றில் இருந்த ஆசிரியர்

1926இல் லிப்பிஷ் வடிவமைத்த பயிற்சி விமானத்துக்கு 'ஸோக்லிங்' என்று பெயர். மாணவன் என்று பொருள். மாணவனை ஏற்றிச் செல்லும் பொருளுக்கும் மாணவன் என்றே பெயர் வைத்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதற்கு உடல் என்று ஒன்று கிடையாது. ஒரு மரச் சட்டம், மேலே இறக்கை, பின்னால் வால், முன்னால் ஒரு பலகை இருக்கை. உட்கார்ந்தவனுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. கால்கள் இரண்டும் வெறும் காற்றில். சக்கரமும் இல்லை, அடியில் ஒரு சறுக்குக் கட்டை மட்டும்.

இதை எழுப்ப ரப்பர் கயிறு. அதன் நடு வளையம் விமானத்தின் மூக்கிலுள்ள கொக்கியில் மாட்டும். இரண்டு முனைகளும் ஆங்கில 'வி' எழுத்தைப் போல விரிந்து சரிவை நோக்கி இறங்கும். ஒவ்வொரு முனையிலும் நான்கைந்து பேர் வடம் பிடிப்பார்கள். நம்மூர்த் தேரிழுப்பைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி உடனே புரியும். வாலை இரண்டு மூன்று பேர் பின்னால் பிடித்திருப்பார்கள். கட்டளைகள் மூன்று. முதல் சொல்லுக்குக் கயிற்றை இழுத்தபடி நடக்க வேண்டும். இரண்டாம் சொல்லுக்கு ஓட வேண்டும். மூன்றாம் சொல்லுக்கு வாலைப் பிடித்தவர்கள் விட வேண்டும். கவண்கல் போல விமானம் பாயும். கயிறு தளர்ந்ததும் கொக்கியிலிருந்து தானே விழும்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ஆசிரியர் விமானத்தில் இல்லை. மாணவன் புறப்பட்டபின் அவனிடம் எதுவும் சொல்ல முடியாது. ஆனால் எவ்வளவு உயரம் போவான் என்பதை அவர் முன்கூட்டியே அளந்து கொடுக்க முடியும்: இழுப்பவர்களின் எண்ணிக்கையையும் அவர்கள் வைக்கும் அடிகளையும் வைத்து. புதியவனுக்குச் சில அடிகள் மட்டும். விமானம் புல்லில் வழுக்கிக்கொண்டு போய் நின்றுவிடும். அடுத்து இன்னும் சில அடிகள். ஓராள் உயரம் எழும்பி உட்காரும். அதன் பிறகே சரிவை விட்டு விலகும் உண்மையான பறத்தல். மாணவனின் துணிச்சலைக் கயிறு இழுபட்ட நீளத்தால் அளந்தார்கள்.

அதற்கும் முந்தைய பாடம் இன்னும் அழகானது. சரிவில் காற்றை எதிர்நோக்கி விமானத்தை நிறுத்தி, மாணவனை உட்கார வைத்துவிடுவார்கள். விமானம் நகராது. வீசுகிற காற்று இறக்கையைச் சாய்க்கும். அவன் கையிலுள்ள தண்டை அசைத்து அதை நிமிர்த்த வேண்டும். பின்னாளில் விமானத்தை ஒரு சட்டத்தில் தொங்கவிட்டு இதே பயிற்சியைக் கொடுத்தார்கள். தரையை விட்டு ஓரங்குலம் எழும்பாமலே கைக்கு ஒரு பழக்கம் வந்துவிடும்.

கிராமத்தில் பிள்ளையின் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் இறக்கி நீந்தப் பழக்குவார்கள். ஷ்டாமர் பள்ளியின் முறையும் அந்த இனம்தான். உன் உடம்பு தானே கற்றுக்கொள்ளட்டும். நீ மூழ்காமல் இருப்பதற்கு மட்டும் நான் ஏற்பாடு செய்கிறேன்.

பார்த்தே கற்றது

மேலே சொன்ன கணக்குக்குத் திரும்புவோம். ஒருவன் ஒரு நாளில் மூன்று முறை பறந்தான். அதே நாளில் மற்ற பதினொருவரும் மூன்று முறை பறந்ததை அவன் பார்த்தான். மூன்று பறத்தல், முப்பத்து மூன்று பாடம். அவன் வெறுமனே பார்க்கவும் இல்லை. கயிற்றின் முனையில் நின்று, வாலைப் பிடித்துக்கொண்டு, இறக்கை நுனியைத் தாங்கிக்கொண்டு பார்த்தான். தண்டை அவசரமாகப் பின்னுக்கு இழுத்தவனின் மூக்கு எழும்பி, வேகம் செத்து, இறக்கை ஒரு பக்கம் தொய்ந்ததைப் பத்து மீட்டர் தொலைவிலிருந்து பார்த்தவனுக்கு ஸ்டால் (வேகம் குறைந்து இறக்கை தாங்கும் சக்தியை இழப்பது) என்றால் என்ன என்று கரும்பலகையில் எழுதிக் காட்டத் தேவையில்லை. ஆசிரியர் தரையில் நின்றதால் அவர் ஒருவனுக்குச் சொன்ன திருத்தம் பன்னிரண்டு பேர் காதிலும் விழுந்தது.

ஒற்றை இருக்கை முறையைக் காப்பாற்றியது இதுதான். வாரத்தில் ஒருநாள் வந்து, தன் முறைக்குப் பறந்துவிட்டு வீடு திரும்பும் மாணவனுக்கு இந்த முறை எமனாகியிருக்கும். இரவும் பகலும் கூடவே கிடந்தவனுக்கு அது வேலை செய்தது.

வானிலையும் தங்கியே கற்க வேண்டும் என்றது. ரோன் மலையில் மூடுபனி அதிகம். காலை முழுக்கக் கண் தெரியாது, திடீரென்று விலகும், இரண்டு மணி நேரம் அருமையான மேற்குக் காற்று வீசும். அந்த நேரத்தில் மலைமேல் இருப்பவனுக்குத்தான் அது. மூடுபனி விலகாத நாளில் பட்டறை வேலை: உடைந்த விலாச் சட்டத்தை ஒட்டுவது, துணியைத் தைத்து வார்னிஷ் பூசுவது, கம்பியை இறுக்குவது. தான் ஒட்டிய மரத்தின்மேல் உட்கார்ந்து மறுநாள் தானே பறக்கப்போகிறவன் ஒட்டுவதில் காட்டும் கவனம் வேறு மாதிரியாக இருக்கும்.

'ஏ' சின்னத்துக்குப் பின் 'பி': ஒரு நிமிடம், இடமும் வலமும் திரும்பிக் காட்ட வேண்டும். 'சி' சின்னத்துக்குப் புறப்பட்ட இடத்தின் உயரத்துக்குக் கீழே இறங்காமல் ஐந்து நிமிடம். முதல் இரண்டும் சறுக்கல், மூன்றாவதுதான் மிதத்தல். மூன்று வெள்ளைப் பறவைகள் பொறித்த அந்தச் சின்னத்தைச் சட்டையில் குத்திக்கொண்டவன்தான் காற்றைப் படிக்கத் தெரிந்தவன் என்று மதிக்கப்பட்டான்.

முறை தோற்ற இடம்

இவ்வளவு சொன்னபின் குறையையும் அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டும்.

அன்று ஜெர்மனியில் இருந்த சிலேசியாவின் கிரூனவ் என்ற ஊரில் இதே முறையில் இன்னொரு பள்ளி இருந்தது. 1930களின் தொடக்கத்தில் ஹன்னா ரைட்ச் அங்கே கற்க வந்தார். பின்னாளில் நாஜி ஆட்சியின் புகழ்பெற்ற சோதனை விமானியாக ஆனவர். முதல் நாளில் புல்லில் வழுக்க மட்டுமே அவருக்கு அனுமதி. அவர் தண்டைப் பின்னுக்கு இழுத்துவிட்டார். விமானம் எழும்பியது, உடனே தரையில் மோதியது, அவர் இருக்கையிலிருந்து தூக்கி எறியப்பட்டார். உயிர் பிழைத்ததால் மூன்று நாள் பறக்கத் தடை என்ற தண்டனையோடு அது முடிந்தது.

இந்தச் சம்பவத்தில் பிழை மாணவியுடையது என்று அன்று தீர்ப்பு. நான் அப்படி எண்ணவில்லை. ஆர்வம் மிகுந்த பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளை தண்டை இழுக்கும் என்பது எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. அதைத் தடுக்க ஒரு கையும் அருகில் இல்லாத விமானம்தான் பிழை. கூட்டமாகத் தங்கிப் பார்த்துக் கற்றது பல உயிர்களைக் காத்திருக்கும். ஆனால் அந்த ஒரு வினாடியில் தண்டின்மேல் இன்னொரு கை வேண்டும் என்ற தேவையை எந்தத் தோழமையாலும் ஈடுசெய்ய முடியாது.

இரண்டாவது தோல்வி இதைவிடப் பெரியது. அதைப் பயிற்சி முறையின் கணக்கில் எழுதத் தயங்குகிறவர்கள் உண்டு. 1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் ரோன்-ரோஸிட்டன் சங்கம் கலைக்கப்பட்டது. 1929இல் முதன்முதலாக 100 கிலோமீட்டரைக் கடந்து பறந்த ராபர்ட் க்ரோன்ஃபெல்ட் யூதர். அவர் நாட்டை விட்டு நீங்கிப் பின்னர் பிரிட்டன் சேர்ந்தார். கிளைடர் பயிற்சி இளைஞர் படைகளின் கைக்குப் போயிற்று. 1937இல் அமைந்த நாஜிப் பறத்தல் படை அதை முழுவதும் விழுங்கியது. கட்டளைக்கு ஓடுவது, ஒன்றாகத் தங்குவது, ஒருவன் பறக்கப் பத்துப் பேர் உழைப்பது: மலையில் நட்பாக வளர்ந்த இந்தப் பழக்கங்கள் அத்தனையும் அந்த ஆட்சிக்குத் தயார் நிலையில் கிடைத்தன. போர் விமானிகளுக்கான முதல் வகுப்பாக அந்தப் பயிற்சி ஆயிற்று. கயிற்றின் முனையில் யார் நிற்கிறார்கள், எதற்காக இழுக்கிறார்கள் என்று கேட்காத கூட்டுழைப்பை நான் கொண்டாட மாட்டேன். முதல் உலகப் போரில் இறந்த விமானிகளுக்காக 1923இல் அந்த மலையில் ஒரு வெண்கலக் கழுகை நிறுவினார்கள். அது மேற்கே பார்த்தபடி இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

இரண்டாவது இருக்கை

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மானியர் பறப்பதற்கே தடை இருந்தது. 1951இல் கிளைடருக்கு அது நீங்கியது. திரும்பி வந்த பள்ளிகள் பழைய முறையைக் கைவிட்டு, இரட்டை இருக்கை விமானத்துக்கு மாறின. மலையடிவாரத்தில் உள்ள பாப்பன்ஹவுசன் ஊரின் ஷ்லைஷர் தொழிற்சாலையில் ரூடால்ஃப் கைசர் வரிசையாகப் பயிற்சி விமானங்களை வடிவமைத்தார்: 1950களில் 'ரோன்லெர்ஷே', 1966இல் 'ஏ.எஸ்.கே. 13', 1979இல் 'ஏ.எஸ்.கே. 21'. கடைசியாகச் சொன்னது கண்ணாடி இழையால் ஆனது. 17 மீட்டர் இறக்கை. ஒரு மீட்டர் இறக்கத்துக்கு 34 மீட்டர் முன்னேறும். உலகமெங்கும் பல கிளைடர் மன்றங்களில் இன்று முதல் பாடம் அதில்தான்.

முன்னிருக்கையில் மாணவர், பின்னிருக்கையில் ஆசிரியர், இருவர் கையிலும் ஒன்றோடொன்று இணைந்த தண்டு. ரப்பர் கயிற்றுக்குப் பதிலாக வின்ச், அதாவது தரையில் நின்று நீண்ட கயிற்றைச் சுருட்டி விமானத்தை இழுக்கும் இயந்திரம். ஒரு நிமிடத்துக்குள் 300, 400 மீட்டர் உயரம். இறங்குகிற காற்றில் மாட்டாவிட்டால் ஐந்தாறு நிமிடம் பறக்கலாம். பழைய மாணவனின் மூன்று நான்கு நாள் பறத்தல் ஒரே ஏற்றத்தில் கிடைத்துவிடுகிறது. வாஸர்குப்பே பள்ளியில் மோட்டார் பொருத்திய கிளைடரிலும் கற்பிக்கிறார்கள்.

ஒரு வாரம், இரண்டு வாரம் தங்கிக் கற்கும் வகுப்புக்கு வருபவரைத் திணறவைக்கும் பாடங்கள் எவை? முதலாவது கம்பளி நூல். விமானியின் முன்னே கண்ணாடிக் கூண்டில் ஒரு சிவப்பு நூல் ஒட்டப்பட்டிருக்கும். வலப்பக்கம் திரும்பத் தண்டை வலமாகச் சாய்த்தால், மேலே எழும் இடது இறக்கை காற்றை அதிகம் தடுத்து மூக்கை இடப்பக்கம் இழுக்கும். காலால் சுக்கானை வலமாக அழுத்தி அதைச் சரிசெய்ய வேண்டும். சரியாகச் செய்தால் நூல் நடுவில் நேராக நிற்கும். செய்யாவிட்டால் ஒரு பக்கம் ஓடும். பல லட்சம் விலையுள்ள விமானத்தில், இந்தப் பிழையை அரையணா பெறாத நூல்தான் மிக நேர்மையாகச் சொல்கிறது. கார் ஓட்டிப் பழகியவர்களுக்குக் கால் சோம்பலாக இருக்கும். முதல் இரண்டு நாள் நூல் அலைபாய்ந்துகொண்டே இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவது, இறங்குதல். தரை நெருங்கும்போது கண் தானாக மூக்கின் அடியிலுள்ள புல்லைப் பார்க்கும். அங்கே பார்த்தால் உயரம் தெரியாது. ஒன்று ஓட்டுகிற வேகத்திலேயே தரையைக் குத்துவார், அல்லது இரண்டாள் உயரத்தில் விமானத்தை நிமிர்த்திவிட்டுப் பொத்தென்று போடுவார். ஓடுதளத்தின் கடைசி எல்லையைப் பார்க்க வேண்டும். அந்த விளிம்பு மேலே எழுவது போலத் தோன்றும் நொடியில் தண்டை மெல்லப் பின்னுக்கு எடுக்க வேண்டும். இதை வாயால் சொல்ல அரை நிமிடம். கண் ஒப்புக்கொள்ள நாள்கணக்கு ஆகும். அடுத்தடுத்த நாள்களில் தொடர்ந்து இறங்குகிறவருக்கு ஒரு கணத்தில் அது பிடிபடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருகிறவர் ஒவ்வொரு முறையும் பழைய புல்லிலிருந்தே தொடங்குவார். தங்கிக் கற்பதன் மிகப் பெரிய ஆதாயம் இங்கேதான்.

மூன்றாவது, கயிறு அறுதல். வின்ச் இழுக்கும்போது மூக்கு வானத்தை நோக்கி நிமிர்ந்திருக்கும். அந்த நிலையில் கயிறு அறுந்தால் வேகம் சில நொடிகளில் கரைந்துவிடும். எங்கே இறங்கலாம் என்று யோசிக்கப் போகக் கூடாது. முதலில் மூக்கைக் கீழே தள்ள வேண்டும். வேகம் திரும்பும் வரை பொறுக்க வேண்டும். அதன் பிறகே திரும்புவதும், இறக்கத்தை விரைவாக்கும் ஏர் பிரேக்கைத் தொடுவதும். ஆசிரியர் முன்னறிவிப்பில்லாமல் கயிற்றை விடுவித்து இதைச் சோதிப்பார். இதில் தேறாதவரைத் தனியாக அனுப்ப மாட்டார்கள். அன்று கிரூனவில் இல்லாத இரண்டாவது கை இன்று செய்யும் வேலை இது.

உரிமம் ஒரு வாரத்தில் கைக்கு வராது. அப்படிச் சொல்லி ஆள் சேர்ப்பவர்களை நம்ப வேண்டாம். ஐரோப்பிய விதிப்படி குறைந்தது 15 மணி நேரப் பயிற்சியும், 45 முறை ஏறி இறங்கியதும் கணக்கில் வர வேண்டும். தனியாகப் பறக்கக் குறைந்த வயது 14, உரிமத்துக்கு 16. இவற்றோடு எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் உண்டு. ஒரு வாரம் தருவது வேறொன்று: உடம்பில் ஊறிய அடித்தளம்.

இன்று கொஞ்சம் பரவி வருவதும் ஒன்று உண்டு. பணம் கட்டினேன், என் முறைக்குக் கூப்பிடுங்கள், நான் அறையில் இருக்கிறேன் என்ற மனநிலை. இரட்டை இருக்கை வந்தபின் அப்படியும் கற்கலாம், பாதுகாப்பாகவே கற்கலாம். ஆனால் ஒரு கிளைடர் ஏற இன்றும் இறக்கை நுனியைப் பிடிக்க ஒருவர், வின்சை இயக்க ஒருவர், கயிற்றைத் திரும்பக் கொண்டுவர ஒருவர், நேரத்தைக் குறிப்பேட்டில் எழுத ஒருவர் தேவை. குறிப்பேட்டோடு மாலை வரை உட்கார்ந்தவர், மதியம் ஒரு மணிக்கு எந்தப் பக்கத்துக் காட்டின்மேல் பருந்துகள் சுற்றின, மூன்று மணிக்கு மேல் ஏன் எல்லாரும் ஐந்து நிமிடத்தில் இறங்கினார்கள் என்று அறிந்திருப்பார். அறையில் இருந்தவர் அதை அறிய வழியில்லை. புதிதாகச் சேர்கிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே: உங்கள் முறை முடிந்ததும் களத்தை விட்டுப் போகாதீர்கள்.

முதல்முறை தனியாகப் பறந்து இறங்கும் மாணவருக்கு ஜெர்மானியக் களங்களில் ஒரு சடங்கு இருக்கிறது. அன்று களத்தில் வேலை செய்த ஒவ்வொருவரும் வரிசையில் வந்து அவருடைய பின்புறத்தில் ஓர் அடி கொடுப்பார்கள். மேலேறும் காற்றை விமானி முதலில் உணர்வது இருக்கையில்தான். அந்த இடத்தில் உணர்ச்சி கூடட்டும் என்பதற்காகவாம். அடித்து முடித்ததும் களத்தோரத்தில் பறித்த முட்செடிகளைப் பூங்கொத்தாகக் கட்டி அவர் கையில் தருவார்கள்.